பன்னிரண்டு வருடம் படித்த இங்கிலீஷ் பேச்சில் ஏன் வருவதில்லை?

கேம்பஸ் இன்டர்வியூக்களில் அடிக்கடி நடப்பது இது. 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றதும் ஊர், அப்பாவின் தொழில், படிப்பு, பொழுதுபோக்கு என்று பிள்ளைகள் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். எதிரே இருப்பவர் சும்மா பேச்சுக்கு, 'ஹவ் டிட் யூ கம் ஹியர் டுடே?' என்று கேட்பார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் வந்தேன், வழியில் டிராஃபிக், கொஞ்சம் லேட்டாகிவிட்டது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதற்குத் தேவையான சொற்கள் எல்லாம் தொடக்கப் பள்ளியிலேயே படித்தவை. இறந்த காலமும் தெரியும். தாளில் 'கம்' என்று கொடுத்தால் 'கேம்' என்று தப்பில்லாமல் மாற்றி எழுதுவார்கள். வாயைத் திறந்தால்தான் வராது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை 12 வருடம், பிறகு கல்லூரியிலும் ஆங்கிலம் ஒரு பாடம். இத்தனைக்கும் அப்புறம் பேச வரவில்லை என்றால், 'நமக்கு இங்கிலீஷ் ஏறாது' என்று பலர் தங்களையே தாழ்த்திக்கொள்கிறார்கள். வேறு சிலர், இலக்கணம் போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் டென்ஸ் அட்டவணையை எடுத்து உட்காருகிறார்கள். இரண்டுமே வீண் வேதனை. பெரும்பாலோருக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை. அறிந்ததைப் பேச்சின் வேகத்துக்கு எடுத்துத் தரும் பழக்கம்தான் ஏற்படவில்லை, ஏற்பட யாரும் வாய்ப்பும் தரவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வகுப்பில் 40 பேர், ஒரு பீரியட் 40 நிமிடம். டீச்சர் வாயே திறக்காமல் பிள்ளைகளை மட்டும் பேச விட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம்தான். வருடத்துக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால் 200 நிமிடம். 12 வருடத்துக்கு 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். இது நடக்கவே முடியாத அளவுக்கு நல்ல வகுப்பின் கணக்கு. நிஜத்தில் டீச்சர் பாடத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்கிறார், பிள்ளைகள் கேள்வி பதிலை எழுதிக்கொள்கிறார்கள், பீரியட் முடிந்துவிடுகிறது. தன் வாயால் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்துப் பேசிய நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் தேறாதவர்கள் ஏராளம். ஆகவே '12 வருடமாகப் பேசக் கற்றேன்' என்று யாரும் கணக்கு வைக்க வேண்டாம். எழுதவும் வாசிக்கவும்தான் 12 வருடம் போனது. எழுதுவது ஓரளவு வருகிறதல்லவா? பழகியது வருகிறது.

தேர்வும் அப்படித்தான். ஆக்டிவ் வாய்ஸை பேசிவ் ஆக்கு, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஆக்கு, மெமரி போயமை அடிபிறழாமல் எழுது. 'ராமா கில்டு ராவணா'வை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று மாற்றத் தெரியாதவர் நம்மில் குறைவு. அந்த மாற்றத்தை வாழ்க்கையில் யாரிடமாவது பேசும்போது செய்தவர்கள் அதைவிடக் குறைவு.

தெரிவது வேறு, வருவது வேறு

நமக்குள் இரண்டு விதமான நினைவு இருக்கிறது. ஒன்று, சொல்லிக் காட்டக்கூடியது: தலைநகரங்கள், தேதிகள், இலக்கண விதிகள். மற்றது, செய்து காட்டத்தான் முடியும். தட்டச்சு, நீச்சல், தாய்மொழியில் பேசுவது எல்லாம் அந்த வகை.

இரண்டும் தனித்தனி என்பதை மருத்துவ உலகம் ஒரு சோகமான சம்பவத்திலிருந்து அறிந்துகொண்டது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையே புதியவராகப் பார்த்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைக் கோடு விலகாமல் பென்சிலால் வரைய வேண்டும், ஆனால் கையை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய தவறுகள் வெகுவாகக் குறைந்தன. அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, அது அவருக்குத் தெரியாது.

நம் ஆங்கிலம் இதற்கு நேர் தலைகீழ். விதி ஞாபகம் இருக்கிறது, கை வரவில்லை.

தமிழிலேயே இதைப் பார்க்கலாம். 'நாங்க சினிமாவுக்குப் போறோம்' என்றால் கேட்பவரை விட்டுவிட்டுப் போகிறோம். 'நாம சினிமாவுக்குப் போறோம்' என்றால் அவருக்கும் டிக்கெட் உண்டு. பள்ளிக்கூடமே போகாத குழந்தை இதைச் சரியாகச் சொல்லும். விதியைச் சொல்லு என்றால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரரோ விதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பேச்சில் மாற்றிப் போட்டுவிடுவார்.

படித்த விதி காலப்போக்கில் பழக்கமாக மாறுமா என்பதில் மொழியியலாளர்களிடையே நெடுநாளாக வாதம் நடக்கிறது. ஸ்டீஃபன் கிராஷன் மாறாது என்றார். மனதுக்குப் பிடித்த, புரியக்கூடிய மொழியை நிறையக் கேட்டும் வாசித்தும் வந்தால் பேச்சு தானே வரும் என்பது அவர் கட்சி. ராபர்ட் டீகைசர் போன்றவர்கள், போதிய பயிற்சி இருந்தால் விதியும் பழக்கமாகும் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் அனுபவத்துக்குப் பொருந்துவதாகப் படுகிறது. ஆனால் நம் கதைக்கு அந்த வாதம் முடிய வேண்டியதில்லை. விதியை மனப்பாடம் செய்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை.

கேட்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு கனடாவிலிருந்து ஒரு பதில் உண்டு. மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் நடத்தும் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அது நாடெங்கும் பரவியது. அப்படிப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும், பல வருடம் கழித்தும் இலக்கணத் தடுமாற்றம் போகவில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், புரிந்துகொள்வதற்கு இலக்கணம் முழுசாகத் தேவைப்படுவதில்லை, பேசும்போதுதான் தேவைப்படுகிறது, அந்தப் பிள்ளைகள் வகுப்பில் போதிய அளவு பேசவே இல்லை என்று 1985-இல் எழுதினார். ஆங்கிலப் படம் பார்த்தால் புரிகிறது, பேச வரவில்லை என்பவர்களின் நிலை இதுதான்.

கால் நொடிக்குள் பதில்

பேச்சில் அவகாசம் எவ்வளவு குறைவு என்பதை நாம் உணர்வதே இல்லை. தான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உலகின் வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்த பத்து மொழிகளில், ஆம்-இல்லை வகைக் கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் மிக மெதுவாக இருந்த டேனிஷ் மொழியில்கூட அரை நொடியைத் தாண்டவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பூனைப் படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்றால், தாய்மொழியில் அந்த ஒரே சொல்லைச் சொல்ல ஆரம்பிக்கவே சுமார் 600 மில்லி செகண்ட் ஆகிறது. அப்படியானால் 200-இல் எப்படிப் பதில் வருகிறது? எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு காதால் கேட்டுக்கொண்டே உள்ளே வாக்கியத்தை அமைக்கிறோம். தாய்மொழியில் இரண்டும் சிரமமில்லாமல் நடக்கின்றன. ஆங்கிலத்திலோ கேட்டுப் புரிந்துகொள்ளவே முழுக் கவனமும் போய்விடுகிறது. அவர் முடித்த பிறகுதான் நாம் தொடங்குகிறோம்.

தொடங்கிய பிறகு எத்தனை வேலை! டச்சு உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989-இல் பேச்சை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: என்ன சொல்வது என்று முடிவு செய்வது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் கொடுப்பது, பிறகு நாக்கையும் உதட்டையும் அசைத்து ஒலியாக்குவது. தாய்மொழியில் முதல் கட்டத்துக்குத்தான் கவனம் செலவாகிறது, மற்ற இரண்டும் தானாக ஓடுகின்றன. கற்றுக்கொண்ட மொழியில் மூன்றுமே கவனத்தைக் கேட்கின்றன. நாம் அதோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். முதலில் தமிழில் முழு வாக்கியம் அமைத்து, பிறகு அதை மொழிபெயர்ப்பது.

இந்த மொழிபெயர்ப்பு தமிழருக்குக் கூடுதல் கடினம். 'நேத்து எங்க அண்ணன் வாங்கிட்டு வந்த போன் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு.' பேசும்போது எவ்வளவு சுலபம்! இதில் எந்த போன் என்ற விவரமெல்லாம் முன்னால் வந்து, போன் அதன் பிறகுதான் வருகிறது. ஆங்கிலத்தில் போனைச் சொல்லிவிட்டுத்தான் விவரத்துக்கே போக வேண்டும்: 'தி போன் மை பிரதர் பாட் யெஸ்டர்டே ஃபெல் அண்ட் புரோக்.' தமிழில் நினைத்ததைக் கடைசியிலிருந்து உருவி முன்னால் போட வேண்டியிருக்கிறது. கேள்வியிலும் இதே சங்கடம். தமிழில் 'நீ எங்கே போறே' என்பதற்குச் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. அதனால்தான் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று வருகிறது. விதி தெரியாமல் வருவதில்லை, விதியை நினைக்க நேரமில்லாமல் வருகிறது. அதே ஆளிடம் எழுதிக் கொடுத்தால் உடனே திருத்திவிடுவார்.

இதற்கு வழி நீள வாக்கியத்தையே விட்டுவிடுவது. 'மை பிரதர் பாட் எ போன் யெஸ்டர்டே. இட் ஃபெல். நவ் இட்ஸ் புரோக்கன்.' மூன்று குட்டி வாக்கியம். இது குறைந்த ரக ஆங்கிலம் என்று யாராவது நினைத்தால், லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களின் அரட்டையைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களும் துண்டு துண்டாகத்தான் பேசுகிறார்கள். நீள வாக்கியம் கட்டுரைக்கு உரியது.

இன்னொரு வழி, சொல்லைத் தனித்தனியாகச் சேர்க்காமல் தொடராகவே எடுத்துக்கொள்வது. 'எனக்கு' என்று ஆரம்பிக்கும் நான்கு வாக்கியங்களைப் பாருங்கள். எனக்குத் தெரியும்: 'ஐ நோ'. எனக்குப் பசிக்குது: 'ஐ ஆம் ஹங்ரி'. எனக்குத் தலைவலி: 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. எனக்கு டைம் இல்ல: 'ஐ டோன்ட் ஹேவ் டைம்'. தமிழில் ஒரே அச்சு, ஆங்கிலத்தில் நான்கு விதம். எதற்கு எது என்று பேசும்போது யோசித்தால் கதை கந்தல். நான்கையும் தொடராகவே வாயில் ஏற்றிவிட்டால் யோசிக்க வேண்டியதே இல்லை. ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்செஸ் சைடர் என்ற இருவர் 1983-இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: சரளமாகப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை, ஆயத்தமாக வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான தொடர்களை எடுத்து இணைக்கிறார்கள். 'லெட் மீ திங்க்', 'ஐ மீன்', 'வாட் ஐ ஆம் ட்ரையிங் டு சே இஸ்' போன்றவற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. வாய் இதைச் சொல்லும் நேரத்தில் மனம் அடுத்ததைத் தேடிக்கொள்ளும். 'ம்ம்... அது வந்து...' என்று நாம் தமிழில் செய்வதும் இதுதானே.

காதில் விழுவது புத்தகத்தில் இல்லை

'கேள்வியே புரியவில்லை' என்று சொல்பவர்களுக்காக ஒரு பத்தி. பாடப் புத்தகம் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று ஒவ்வொரு சொல்லையும் முழுதாகக் காட்டுகிறது. அமெரிக்கர் வாயில் அது 'வாட்டய கொன டூ' என்று வருகிறது. ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் சொற்களுக்கே அழுத்தம், இடையில் வரும் சின்னச் சொற்கள் நசுங்கிப்போகும். நாமும் 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று எழுதிவிட்டு, 'என்ன பண்ணிட்டிருக்க' என்றுதான் பேசுகிறோம். புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டு மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் திகைப்பதுபோலத்தான் நாமும் ஆங்கிலத்தில் திகைக்கிறோம். வாசித்தே கற்ற சொற்களைக் காதாலும் ஒருமுறை கற்க வேண்டும். ஒரு ஐந்து நிமிட உரையாடலை முதலில் ஆங்கில சப்டைட்டிலோடும், அப்புறம் இல்லாமலும் திரும்பத் திரும்பக் கேட்பது, புதிது புதிதாக ஐந்து மணி நேரம் ஓட விடுவதைவிட மேல்.

பயம்

நம் ஊரில் ஆங்கிலம் பேசுவது வெறும் மொழி விஷயமாக இருந்தால் இவ்வளவு சங்கடம் இருக்காது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறான் பாரு' என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை எங்கே போகும்? வாயை மூடிக்கொள்ளும். இதை அந்தப் பிள்ளையின் கோழைத்தனம் என்று சொல்வது பெரிய அநியாயம். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு ஆங்கிலம் என்றாலே வேலை, மரியாதை, வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர் முன் தன் நிலை என்று எல்லாம் அதில் வந்து குவிந்துவிடுகிறது.

பயம் மனதை வருத்துவதோடு நிற்பதில்லை. முன்னே சொன்ன மூன்று கட்ட வேலைக்கும் கவனம் வேண்டும் அல்லவா? 'தப்பாகிவிடுமோ, சிரிப்பாரோ' என்ற நினைப்பு அதே கவனத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் நிஜமாகவே பேச்சு தடுமாறுகிறது, தடுமாறுவதால் பயம் கூடுகிறது.

பயமில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குத் திருப்பூரைப் பாருங்கள். பனியன் கம்பெனிகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்த பிறகு, அங்கே டீக்கடைக்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும் இந்தி பேசுகிறார்கள். யாரும் இலக்கணப் புத்தகம் வாங்கவில்லை. மாமல்லபுரத்தில் கல் சிற்பம் விற்கிறவர்களின் ஆங்கிலமும் இப்படி வந்ததுதான். அவர்கள் பேச்சில் ஆயிரம் பிழை இருக்கும். ஆனால் பேரம் நடக்கிறது, சரக்கு விற்கிறது, பிழைக்காக யாரும் மார்க் குறைப்பதில்லை. தினமும் அதே முப்பது நாற்பது வாக்கியங்களைப் பேசிப் பேசியே நாக்கு பழகிவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே கேட்டால் அவர்களும் திணறுவார்கள் என்பதும் உண்மை. பழகிய இடத்தில் சரளம், பழகாத இடத்தில் தடுமாற்றம். படித்தவருக்கும் அதே நியதிதான். அதில் அவருக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு: இலக்கணமும் சொற்களும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் பத்துக்கு ஒன்பது சொல்லுக்கு மேல், அதிகம் புழங்கும் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களுக்குள் அடங்கிவிடும். ப்ளஸ் டூ ஒழுங்காக முடித்தவருக்கு அதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்துப் பழகியதுதான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

தெரிந்ததை வைத்தே, தெரிந்த விஷயத்தைப் பற்றியே, திரும்பத் திரும்பப் பேசுவது. இதற்கென்றே 4/3/2 என்று ஒரு பயிற்சி இருக்கிறது. 1983-இல் கீத் மாரிஸ் எழுதியது, பிறகு நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனால் பரவலானது. ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவரிடம் 4 நிமிடம் பேசுங்கள். அதையே இன்னொருவரிடம் 3 நிமிடத்தில் சொல்லுங்கள். மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். விஷயம் மாறாததால் என்ன சொல்வது என்ற யோசனை இல்லை, கவனம் முழுவதும் எப்படிச் சொல்வது என்பதில் போகிறது. நேரம் குறையக் குறைய மொழிபெயர்க்க இடமில்லாமல் போய், தொடர்கள் தாமாக ஒட்டிக்கொள்கின்றன.

விஷயம் சாதாரணமாக இருக்கட்டும். குளோபல் வார்மிங் எல்லாம் வேண்டாம். நேற்று வீட்டு மோட்டார் ரிப்பேரானது, ரேஷன் கடையில் கைரேகை விழாமல் பாட்டி மூன்று முறை போனது, இப்படி ஏதாவது. மூன்று பேர் கிடைக்கவில்லையா, போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு அதனிடமே மூன்று முறை பேசுங்கள். முதல் முறை 4 நிமிடத்தை நிரப்புவதே பெரும்பாடாக இருக்கும். சொல் கிடைக்காத இடத்தில் நிற்காதீர்கள். 'மோட்டார்' தெரியும், 'ரிப்பேர்' தெரியும், அதற்குள் இருக்கும் பாகத்தின் பெயர் தெரியவில்லை என்றால் 'ஒன் பார்ட் இன்சைட் இட்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிவதும் பேசத் தெரிவதன் ஒரு பகுதிதான்.

ரெக்கார்ட் செய்ததைக் கேட்கும்போது பிழைகள் வரிசையாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்த்தால் மறுபடி கவனம் சிதறி, பேச்சு நின்றுவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். 'யெஸ்டர்டே ஐ கோ' என்று நான்கு இடத்தில் வந்திருந்தால், இந்த வாரம் 'வென்ட்' மட்டும். அடுத்த சுற்றில் அது ஒன்றைக் கவனித்துப் பேசுங்கள், மற்ற பிழைகள் வந்தால் வரட்டும். இலக்கணப் புத்தகத்தை எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். தன் வாயில் வந்த பிழைக்காகத் திறக்கும் பக்கம் மனதில் தங்கும்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். அறையில் இருக்கும் மூன்று நான்கு பேர் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஒதுக்கலாம். பேசுபவரைப் பேசி முடிக்கும் வரை யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. கேட்பவர் கடைசியில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகள் 'அப்புறம் என்ன ஆச்சு?', 'எவ்வளவு செலவாச்சு?' என்ற அளவில் சாதாரணமாக இருக்கட்டும். முதலில் வரும் பதில்கள் 'எஸ்', 'நோ', 'டூ ஹண்ட்ரட்' என்று ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. உரையாடலில் பல பதில்கள் அப்படிக் குட்டியாகத்தான் இருக்கும்.